பவுனு அசை போடவில்லை

சூசையப்பர் திருநாளன்று சாயங்காலம் யானை வந்து ரோட்டை மறித்துக்கொண்டு நின்றால் அதற்குச் சூசையப்பர் என்ன செய்வார், பாவம். அவர் இயேசுவை வளர்த்த தச்சர். யானை விவகாரமெல்லாம் வனத்துறையைச் சேர்ந்தது.

சின்னக்கானலுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கிற அந்தச் சின்னக் கோயிலில் வருஷா வருஷம் மார்ச் மாதம் திருநாள் வரும். பூசை முடிந்ததும் பாச்சோறு நேர்ச்சை. பச்சரிசியை வெல்லத்திலும் தேங்காய்ப்பாலிலும் குழைய வேகவைத்து, சாமியார் மந்திரித்த பிறகு, வந்தவர்களுக்கெல்லாம் இலையில் அள்ளி வைப்பார்கள். பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்தெல்லாம் ஜீப் பிடித்து வருவார்கள் என்று நம்பித்தான் இந்த வருஷமும் பெரிய அண்டாவை ஏற்றினார்கள். கொம்பன் யானை ஒன்று சூரியநெல்லி வளைவில் வந்து நின்றுகொண்டது. ஜீப்புகள் வந்த வழியே திரும்பிவிட்டன. உள்ளூர்க்காரர்கள் வெட்கப்படாமல் மறுபடி மறுபடி வாங்கித் தின்றும் அண்டாவில் நிறையவே மிஞ்சிவிட்டது.

இங்கேதான் சிக்கல். மந்திரித்த சோற்றைக் குப்பையில் கொட்டக் கூடாது. கால் படுகிற இடத்தில் போடக் கூடாது. மண்ணில் புதைக்கலாம்தான். ஆனால் வெல்லமும் தேங்காயும் மணக்கிற சோற்றைப் புதைத்து வைத்தால் வளைவில் நிற்கிறவன் வந்து தோண்டிக்கொள்வான். வீட்டில் வைத்தாலோ சுவரையும் சேர்த்து எடுத்துக்கொள்வான். ஆகவே பொழுது அடைவதற்குள் அந்தச் சோறு யார் வயிற்றுக்குள்ளாவது போயாக வேண்டும். அண்டா கிண்டிய ஆட்கள் ஆளுக்கொரு வாளி என்று பங்கு வைத்துக்கொண்டு கலைந்தார்கள்.

அந்த ஆட்களில் சூசையப்பனும் ஒருவர். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து புளிக்க வைக்கிற அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம் பேருக்குரிய புனிதரின் திருநாள் என்பதால் அன்று முழுக்கக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார். வாளியைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்கு வந்தார். பெண்சாதி புஷ்பமேரிக்குச் சர்க்கரை வியாதி. அவருக்கோ மத்தியானம் தின்றதே தொண்டையில் நின்றது. லயத்துக்குக் கீழே வரிசையாக இருந்த மாட்டுக் கொட்டகைகளில் முதல் கொட்டகையில் பவுனு நின்றாள்.

பவுனு ஜெர்சிக் கலப்பு. நிறம் பவுன் நிறம் என்று சூசையப்பன் சொல்லுவார். செம்மண் நிறம் என்று புஷ்பமேரி சொல்லுவாள். புஷ்பமேரி இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறவள். காலையில் அவள் மலையேறிப் போனால் லயத்தில் சூசையப்பனுக்குப் பேச்சுத்துணை பவுனுதான். எஸ்டேட் செய்தி, கோயில் செய்தி, குவைத்தில் இருக்கிற மகன் ஜோபி போனில் சொன்ன செய்தி எல்லாவற்றையும் அவளிடம்தான் முதலில் சொல்லுவார். "எங்கிட்ட பேசுததுக்கு மட்டும் இந்த மனுஷனுக்கு வாய் வலிக்கும்," என்று புஷ்பமேரி மாட்டைச் சக்களத்தி கணக்காக வைவாள். சாணி அள்ளும்போது வைவாள், தண்ணீர் காட்டும்போது வைவாள். வைதுகொண்டே கழுத்தைச் சொறிந்தும் விடுவாள்.

அன்று சாயங்காலம் சூசையப்பன் வாளியைப் பவுனுக்கு முன்னால் வைத்து, "திருநாளும் அதுவுமா நீ மட்டும் என்ன பாவம் செஞ்ச, தின்னு தாயீ," என்றார். பவுனு வாளியை அடிவரை நக்கினாள். அதைப் பார்த்து நிற்க அவருக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. பிள்ளைக்குச் சோறூட்டிய மனத்தோடு போய்ப் படுத்தார்.

விடிந்து பார்த்தால் பவுனு தலையைத் தொங்கப்போட்டு நின்றாள். புல்லை முகரக்கூட இல்லை. இடது பக்க வயிறு உப்பிக்கிடந்தது. கையை வைத்து அமுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்பியது. காது சில்லிட்டிருந்தது. பின்னால் கூழாகக் கழிந்து, கொட்டகை முழுக்கப் புளித்த நாற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக வாய் அசையவில்லை. விடியற்காலையில் படுத்துக்கொண்டு அரைக்கண் மூடி அசை போடுவதுதான் பவுனின் வழக்கம். அந்த வாய் நின்றுபோனதைக் கண்டதும் சூசையப்பன் புஷ்பமேரியைக் கூவி அழைத்தார். அசை நின்ற மாடு பாதி செத்த மாடு என்று மாடு வளர்க்கிற எவருக்கும் தெரியும்.

மிருகாஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். டாக்டர் டின்சி பாலா ஊர்ப் பக்கத்து மலையாளத்துப் பெண். இந்த மலைக்கு வந்து தமிழ் கற்றுக்கொண்டவள். கோபம் வந்தால் மட்டும் மலையாளத்துக்குப் போய்விடுவாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ரப்பர் பூட்ஸோடு கொட்டகைக்குள் இறங்கினாள். வயிற்றில் குழலை வைத்து வெகு நேரம் கேட்டாள். முகம் சுருங்கியது.

"நேத்து என்னதான் கொடுத்தது, அங்கிளே?"

"புல்லுதான் டாக்டரம்மா. பெறவு கொஞ்சம் தவிடு. எப்பமும் போலத்தான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. பூசையில் நன்மை அப்பம் வாங்கிவிட்டு வருகிற ஒருவனிடம் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டால் இல்லை என்றுதானே சொல்லுவான்? அந்த மாதிரிதான் இதுவும். தீவனம் என்றால் தீவனம், நேர்ச்சை என்றால் நேர்ச்சை. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்கலாம் என்பதே அந்த நல்ல மனுஷனுக்குத் தோன்றவில்லை.

டாக்டர் குனிந்து ஒரு குச்சியால் சாணத்தைக் கிளறினாள். வெள்ளை வெள்ளையாக அரிசி. நடுவே தேங்காய்த் துருவல்.

"இது எந்த ஜாதிப் புல்லு, அங்கிளே?"

"அது… அது நேர்ச்சை, டாக்டரம்மா."

டின்சி எழுந்து நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். அதன் பிறகு கொஞ்ச நேரம் மலையாளம்தான். புஷ்பமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோபம் ஆறின பிறகு டாக்டர் கேட்டாள்:

"எவ்வளவு கொடுத்தது?"

"ஒரு வாளி."

"ஒரு வாளிக்கு இந்த அளவுக்கு ஆகாது. சத்தியம் சொல்லணும். மருந்து அதுக்குத் தக்கபடிதான் போடணும்."

"ஒரு வாளிதாம்மா. சூசையப்பர் சத்தியமா."

டாக்டர் நம்பவில்லை. அது அவள் முகத்திலேயே தெரிந்தது. அதைவிட, புஷ்பமேரியும் நம்பவில்லை. "பயந்துகிட்டு மறைக்காதீங்க. உசுரு போற காரியம். உள்ளதச் சொல்லுங்க," என்றாள். சூசையப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தொழிற்சாலையில் ஒரு நாளும் பொய் சொல்லி அறியாதவர். மாடு சாகக் கிடப்பது ஒரு பக்கம்; கட்டின பெண்சாதியே கள்ளன் என்று பார்ப்பது இன்னொரு பக்கம். எது அதிகம் வலிக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

இந்தச் சமயத்தில் பக்கத்துக் கொட்டகை வாசலில் ஏசுரத்தினம் நின்றுகொண்டிருந்தார். அவரும் ஓய்வு பெற்றவர்தான். சூசையப்பனின் ஆருயிர்ச் சிநேகிதர், அன்றாடச் சண்டைக்காரர். சூசையப்பன் ரோமன் கத்தோலிக்கம், ஏசுரத்தினம் சிலை வணங்காத சி.எஸ்.ஐ. இவர் புனிதரின் சுரூபச் சிலைக்கு மாலை போடுவதைக் கண்டால் ஏசுரத்தினத்துக்கு உடம்பு எரியும். "மரக்கட்டைக்கு எதுக்கு வே மாலை?" என்பார். அதே ஏசுரத்தினம் வருஷா வருஷம் திருநாள் அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிண்ட முதல் ஆளாக வந்து நிற்பார். கிண்டுவதற்கு வேதத்தில் தடை இல்லையாம்.

நேர்ச்சைச் சோற்றால் மாடு விழுந்தது என்று தெரிந்தால் அவர் சிரித்தே தம்மைக் கொன்றுவிடுவார் என்று சூசையப்பன் பயந்திருந்தார். ஆச்சரியம், ஏசுரத்தினம் வாயைத் திறக்கவில்லை. மருந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டார், வெந்நீர் கொண்டுவந்தார், கயிற்றைப் பிடித்தார். முகம் மட்டும் பேயறைந்த மாதிரி இருந்தது.

டாக்டர் பவுனின் வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே இருந்த புளித்த தண்ணீரை இறக்கினாள். சோடா உப்பைக் கரைத்து உள்ளே விட்டாள். கழுத்து நரம்பில் ஊசி குத்தி பாட்டில் ஏற்றினாள். குளிரில் நிற்காதபடி சாக்கைப் போர்த்தச் சொன்னாள். கையைக் கழுவிக்கொண்டே, கோபமெல்லாம் தீர்ந்த குரலில் சொன்னாள்:

"பவுனு புல்லுத் தின்னு ஜீவிக்கிறா என்னுதானே நினைச்சீங்க? இல்ல. புல்லைச் செரிக்க எந்த மிருகத்துக்கும் சுயமா சக்தி இல்ல. அவ வயித்துல, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர் இருக்கு. அதுங்கதான் புல்லைத் தின்னுது. இவ மென்னு மென்னு அதுங்களுக்கு ஊட்டுறா. அதுங்க புளிக்க வச்சுத் தர்றதத்தான் இவ குடிச்சு ஜீவிக்கிறா. அசை போடுறது எதுக்கு? அவசரமா விழுங்கினத மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து, அதுங்க பல்லுக்குத் தக்கபடி அரைச்சுக் கொடுக்கத்தான்."

"அதுக்குப் பல்லு இருக்கா டாக்டரம்மா?" என்று புஷ்பமேரி கேட்டாள்.

"இல்ல சேச்சி, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

சூசையப்பனுக்குப் புளிக்க வைக்கிறது என்ற சொல்லே போதுமாக இருந்தது. அரைத்த கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி, சூடு ஏறாமலும் குறையாமலும் காவல் காத்தது அவருடைய ஆயுசு வேலை. அதிலே கொஞ்சம் பிசகினால் மொத்தத் தேயிலையும் புளிச்சிப் போகும், கொட்டத்தான் வேணும். பவுனு வயிற்றுக்குள்ளே அப்படி ஒரு அறை இருந்திருக்கிறது. அதில் தாம் போய் ஒரு வாளி வெல்லச்சோற்றைக் கொட்டியிருக்கிறோம்.

"சோறு போனா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"சோறும் வெல்லமும் கண்டா வேற ஒரு கூட்டம் சடசடன்னு பெருகும். அதுங்க விடுற புளிப்புல புல்லுத் தின்னுற கூட்டம் எல்லாம் செத்துப்போகும். புளிப்பை மருந்து வச்சு மாத்தலாம். செத்ததுங்களுக்கு என்னால உயிர் கொடுக்க முடியாது."

"யானைக்கும் இப்பிடித்தானா?" என்று ஏசுரத்தினம் முதல் தடவையாக வாயைத் திறந்தார். அந்தக் கொம்பன்மேல் அவருக்கு அப்படி ஒரு கடுப்பு.

"யானைக்கு இந்த ஏற்பாடு பின்னால, குடல்ல. அது அசை போடாது. தின்னதுல பாதிகூடச் செரிக்காது. லத்திய உடைச்சுப் பாத்தா நாரும் புல்லும் அப்படியே கிடக்கும். அதனாலதான் நாள் முழுசும் தின்னுகிட்டே நடக்குது. மாடுதான் அங்கிளே, இருந்த இடத்துலேயே உக்காந்து ஒரு பிடி புல்லுல இருந்து எல்லாத்தையும் எடுத்துக்கும்."

மறுநாள் காலையில் டாக்டர் மறுபடியும் வந்தாள். பவுனின் காதில் கொஞ்சம் சூடு திரும்பியிருந்தது. நாற்றம் குறைந்திருந்தது. ஆனால் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, சூசையப்பனின் காதிலும் அதை மாட்டிவிட்டாள். "சுகமான மாடுன்னா உள்ளே இடி உருளுற மாதிரி கேக்கும். என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல."

"அதுதான். புளிப்பு போயிருச்சு. உள்ளே ஆள் இல்ல. ஆள் கொண்டுவந்து விடணும்."

"எங்க இருந்தும்மா?"

"சுகமா அசை போடுற ஒரு மாட்டு வாயில இருந்து. அந்தக் கவளத்துல கோடி உயிர் இருக்கும். சுடச்சுட எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணியில கரைச்சு, வடிகட்டி இவளுக்குக் கொடுக்கணும். அது உள்ளே போய்க் குடியேறிச்சுன்னா பிழைச்சா. இல்லன்னா…" புஷ்பமேரி கொழுந்துக்குப் போகாமல் நின்றிருந்தவள், திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நேற்றிலிருந்து அவள் பவுனை ஒரு வார்த்தை வையவில்லை. அதுவே சூசையப்பனுக்குப் பயமாக இருந்தது.

பவுனை விட்டால் அந்த வரிசையில் அசை போடுகிற பசு ஒன்றே ஒன்றுதான். ஏசுரத்தினத்தின் சாறாள். வெகுகாலம் சினை பிடிக்காமல் இருந்து, இனி அவ்வளவுதான் என்று எல்லாரும் கைவிட்ட வயசில் கன்று போட்டதால், கிழவயசில் பிள்ளை பெற்ற வேதத்துச் சாறாளின் பேர். மகா ராங்கி பிடித்தவள். ஏசுரத்தினத்தைத் தவிர ஒருவரையும் கிட்டே விடமாட்டாள்.

சூசையப்பன் கேட்க வாயெடுப்பதற்குள் ஏசுரத்தினம், "எம் மாட்டுல எடுங்க டாக்டரம்மா. எவ்வளவு வேணுமோ எடுங்க," என்றார். அவர் பெண்சாதி அன்னாள் வாசலில் நின்று, "நம்ம மாட்டுக்கு ஒண்ணும் ஆயிராதே?" என்று கேட்டதற்கு, டாக்டர் பதில் சொல்வதற்கு முன்னால் இவரே, "ஆனா ஆவட்டும்ட்டி!" என்று சீறினார்.

சாறாள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அது வாய்க்கு வந்ததும், பல் இல்லாத ஓரமாகக் கையை விட்டு, நாக்கை ஒதுக்கி, பிடுங்க வேண்டும். டாக்டர் ஒரு தரம் செய்து காட்டினாள். பச்சையாக, ஆவி பறக்க ஒரு பிடி வந்தது. அதற்குப் பிறகு சாறாள் உஷாராகிவிட்டாள். டாக்டர் கையைக் கண்டதும் மடக்கென்று விழுங்கினாள். சூசையப்பன் போனார், அவர் கையைப் பல்லால் அழுத்தி, மன்னித்து விட்டாள். டாக்டருக்குப் பூப்பாறையில் ஒரு ஈற்று நோவுக் கேஸ் காத்திருந்தது. ஒரு சின்ன வாளி நிறையத் தேறினால்தான் பிரயோஜனம் என்றும், கொடுக்கும்போது பவுனின் தலையை ரொம்பத் தூக்கக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அப்புறம் ஏசுரத்தினம்தான் சாறாளின் பக்கத்தில் சாணியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் தாடையைத் தடவினார். "ஏ சாறாளே, எம் புள்ள, கோவப்படாத. ஒரு வாய்தான். அங்க ஒருத்தி சாகக் கெடக்கா. நீ ஒரு வாய் குடுத்தா பொழைச்சுக்கிடுவா," என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். உருண்டை மேலே ஏறும், கையை விடுவார், எடுப்பார். சாறாள் அவரை ஒரு பார்வை பார்ப்பாள். தன் வீட்டுக்காரனே தன் வாய்ச்சோற்றைப் பிடுங்குவதை எந்தப் பெண் பொறுப்பாள்? ஆனாலும் மறுபடி அடுத்த உருண்டையை மேலே கொண்டுவந்தாள். ஒவ்வொரு பிடியையும் சூசையப்பன் கையில் வாங்கி ஓடினார். கை முழுக்கச் சூடு. வாடவைத்த கொழுந்தைப் போலப் பச்சை மணம். புஷ்பமேரி கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டினாள். பவுனு வாயைத் திறக்க மறுக்க, மூவருமாகச் சேர்ந்து போத்தலால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள்.

அன்று முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் மறுபடியும் எடுத்து, மறுபடியும் கொடுத்தார்கள். அன்னாள் வந்து, "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க," என்றாள். இது யாருக்கும் தெரியாத விஷயம் போல. சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் விடிந்ததும் புஷ்பமேரி மனமில்லாமல் கொழுந்துக்குப் போனாள். அதற்குமேல் நின்றால் சூப்பர்வைசர் ஏசுவார். போகும்போது பவுனின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனாள். கொட்டகையில் இரண்டு கிழவர்களும் பவுனுக்கு எதிரே, இடுப்பளவுச் சுவருக்கு உள்ளே, கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஏசுரத்தினம் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அன்னாள் கஞ்சி கொண்டுவந்தாள். குடிக்கமாட்டேன் என்று விட்டார்.

"எள்ளு காயுது எண்ணெய்க்கு. கூட இந்த எலிப்புழுக்கை எதுக்குக் காயுதுன்னுதான் தெரியல," என்று அன்னாள் சூசையப்பனிடம் முறையிட்டுவிட்டு, கஞ்சியை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

வெயில் ஏறியது. பவுனு படுத்தே கிடந்தாள். கண் மட்டும் திறந்திருந்தது.

"போயிருவா போலிருக்கே வே," என்றார் சூசையப்பன். "நாந்தான் கொன்னுட்டேன். எங்கையால சோறு வச்சு நானே கொன்னுட்டேன். நம்மள நம்பிக் கெடந்த சீவன். அந்த வாளியக் கண்டதும் எப்பிடி வந்தா தெரியுமா? சந்தோசமா வந்தா."

ஏசுரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கிற்று. சூசையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீரு எதுக்கு வே அழுதீரு?"

"நீரு ஒரு வாளிதான் வச்சீரு."

"ஆமா. நீராவது நம்புதீரே."

"நம்பல வே. எனக்குத் தெரியும். ரெண்டாவது வாளி நான் வச்சேன்."

ஏசுரத்தினம் மெல்ல மெல்லச் சொன்னார். திருநாளன்று அவருக்கும் ஒரு வாளிப் பங்கு வந்தது. அன்னாள் கண்ணில் பட்டால் விக்கிரகத்துக்குப் படைத்ததை வீட்டுக்குள் கொண்டுவந்தாயா என்று ஆடிவிடுவாள். வெளியில் வைத்தால் யானை வரும். சாறாளுக்கு வைக்க மனசு ஒப்பவில்லை, சபைக்காரன் மாடாயிற்றே. சரி, சாணிக்குழியில் கொட்டலாம் என்று குழி வரைக்கும் போனார்.

"போனேன் வே. வாளியக் கவுக்கக் கை வரல. உம்ம சூசையப்பர நான் எத்தனையோ கேலி பண்ணிருக்கேன். ஆனா அத்தன பேரு முட்டிபோட்டு வேண்டிக்கிட்ட சோறு. அதைச் சாணியில கொட்ட முடியல. அவர் சோறு அவர் ஆள் மாட்டுக்கே போவட்டும்னு நெனச்சேன். நீரு வச்சிட்டுப் போனது எனக்குத் தெரியாது. வச்சேன், ஒரு சொட்டு விடாமத் தின்னா. மறுநா உம்மள எல்லாரும் பொய்யன்னு பாக்காங்க. நான் பாட்டுக்குப் பாட்டிலப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். வாய் வரல வே."

சூசையப்பனுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? சுரூபத்தையே மரக்கட்டை என்கிற மனுஷன், இரண்டு நாளாக ஊமை மாதிரி நின்று தம்மைப் பொய்யனாக்கிவிட்டானே என்று தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தோடு கூடவே இன்னொன்றும் வந்தது. இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை ஒருவன் வந்து பாதி பிடித்துக்கொண்டான். வைவதற்கென்று திரும்பியவர், அந்த ஆளின் முகத்தையும் கையையும் பார்த்தார். சாறாளின் பல் பட்டு விரல்களெல்லாம் சிராய்த்துக் கிடந்தன. அவருக்கு வசவு ஒன்றும் வரவில்லை.

"சாணியில கொட்டியிருந்தீருன்னா உம்ம மூஞ்சியிலயே முழிச்சிருக்கமாட்டேன்," என்றார்.

அந்நேரம் பவுனு ஒரு ஏப்பம் விட்டாள். பெரிய ஏப்பம். இருவரும் திரும்பினார்கள். பவுனு கழுத்தைக் கொஞ்சம் நீட்டினாள். நெஞ்சுப் பக்கமிருந்து ஒரு உருண்டை புறப்பட்டு, கழுத்துத் தோலுக்கடியில் மெதுவாக மேலே ஏறியது. பாதி வழியில் நின்றது. இருவரும் மூச்சு விடவில்லை. மறுபடியும் ஏறியது. பவுனின் கீழ்த்தாடை ஒரு பக்கமாக நகர்ந்தது. இன்னொரு பக்கமாக வந்தது. நின்றது. பிறகு நிற்காமல், யாருக்கும் அவசரமில்லாத மாதிரி, அரைக்க ஆரம்பித்தது.

ஏசுரத்தினம் சூசையப்பனின் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடாமல், இருவரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி கேவிக் கேவி அழுதார்கள். சந்தோஷத்துக்கும் அழுகைதான் வருகிறது, என்ன செய்வது?

மத்தியானக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, மேட்டுப் பாதையில் புஷ்பமேரி இறங்கிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கொட்டகைச் சுவருக்கு மேலே இரண்டு கிழவர்களும் சேர்ந்து அழுவது மட்டும்தான் தெரியும். படுத்திருக்கிற மாடு தெரியாது. அவள் கையிலிருந்த சாக்கு நழுவியது. இடுப்பில் கட்டின படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல், "ஏ பவுனு, எம் பொன்னே, எந் தங்கமே," என்று ஓலமிட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "வாய்க்கு வந்தபடி வைஞ்சேனே! உன்னயச் சக்களத்தின்னு சொன்னேனே! என் நாக்கு அழுகிப் போவ! இனி யாரத் திட்டிக்கிட்டு நான் அந்த லயத்துல கெடப்பேன்!" சரிவில் ஒரு செருப்புக் கழன்று போயிற்று. அதையும் அவள் பார்க்கவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பவுனு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். அரைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

புஷ்பமேரியின் ஓலம் பாதியில் அறுந்தது. மாட்டைப் பார்த்தாள். கிழவர்களைப் பார்த்தாள். "உசுரோட இருக்க மாட்டுக்கு எதுக்கு ரெண்டு பேரும் ஒப்பாரி வைக்கீங்க?" என்று கேட்டாள். குரல் நடுங்கியதால் அது வசவாக வரவில்லை. உள்ளே வந்து, ஈரச் சாணித் தரையிலேயே கால் மடக்கி உட்கார்ந்து, பவுனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தை அதில் வைத்துக்கொண்டாள். அவள் கன்னத்துக்கு அடியிலேயே அடுத்த உருண்டை மேலே ஏறிப் போவதைச் சூசையப்பன் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, முகத்தை எடுக்காமலே அவள் கேட்டாள்.

"இப்பமாவது உள்ளதச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எத்தன வாளி வச்சீங்க?"

ஏசுரத்தினம் வாயைத் திறந்தார். மேட்டில் அன்னாள் கஞ்சிச் சட்டியை எடுக்க வந்துகொண்டிருந்தாள்; இப்போது சொன்னால் அவள் காதிலும் விழும். சூசையப்பன் தம் கையை இன்னும் பிடித்திருந்த அந்தச் சிராய்த்த விரல்களை ஒரு அமுக்கு அமுக்கினார்.

"ரெண்டு," என்றார்.

"எனக்கு அப்பமே தெரியும்," என்றாள் புஷ்பமேரி. "இந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவே வராது."